12.3 வோல்ட் சொன்ன பொய்

தை பிறந்து முதல் முகூர்த்த வாரம். இரவு பத்தரைக்கு மச்சினன் போன் செய்தான். "மாமா, அந்த மஞ்சள் லைட் மறுபடியும் வந்துடுச்சு." இன்ஜின் கோளாறைச் சொல்லும் அந்த லைட்டுக்காக நான்கு நாளுக்கு முன்புதான் 4,500 ரூபாய் கொடுத்து, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருந்தான். மாற்றிய கடைக்காரரைக் கேட்டால், "இது டூப்ளிகேட், அதான் தாங்கல, ஒரிஜினல் போட்டா சரியாயிடும்" என்றாராம். ஒரிஜினல் பதினோராயிரத்துச் சொச்சம்.

மச்சினன் பெங்களூர் மர்ஃபி டவுனில் கேட்டரிங் நடத்துகிறான். அண்டா, அடுப்பு, ஆட்கள் எல்லாம் ஏற்றிப் போக ஒரு டீசல் வேன். 2020 மாடல், பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு வந்த வண்டி. டிராவல்ஸில் ஓடிய வண்டியை 2023இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். மீட்டரில் 2,14,000 கிலோமீட்டர். வருஷத்தைப் பார்த்தால் இளசு, ஓட்டத்தைப் பார்த்தால் கிழம். லைட் எரிய ஆரம்பித்ததிலிருந்து பிக்கப் இல்லை. சாமான் ஏற்றிக்கொண்டு ஹெப்பாள் மேம்பாலம் ஏறினால் மூன்றாவது கியரில் முக்குகிறது. சைலன்சரில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டிக்கான லைட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறை கண் சிமிட்டுகிறது.

நான் மெக்கானிக் இல்லை. பீன்யாவில் இருபது வருஷமாக யுபிஎஸ், இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். வண்டியில் எனக்குத் தெரிந்தது வயர்தான். வயர் தாண்டிய விஷயங்களுக்கு சிவாஜிநகரில் ஒரு பாய் இருக்கிறார். என் பழைய மாருதியை அவர்தான் பார்ப்பார். அவரிடம் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை விடுவதாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலமே அல்சூரில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி நானே கிளற ஆரம்பித்தேன். அது முதல் தப்பு.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் புளூடூத் அடாப்டரைச் செருகினேன். போனில் வந்த கோட் பி0135. முதல் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். இந்த வரியில் 'சென்சார்' என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டுத்தான் அந்தக் கடைக்காரர் சென்சாரைக் கழற்றியிருக்கிறார். கோட் சொல்வது சர்க்யூட்டை. பேட்டரியில் தொடங்கி ரிலே, ஃப்யூஸ், வயர், வயர்களை இணைக்கும் கப்ளர், சென்சார், மறுபடி வயர், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ வரை எல்லாம் அந்தச் சர்க்யூட்தான்.

டீசல் வண்டியில் இந்தச் சென்சாருக்கு என்ன வேலை என்று மச்சினன் கேட்டான். நியாயமான கேள்வி. பழைய டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய 14.7க்கு 1 என்ற எடை விகிதத்தில் இருக்க வேண்டும், அதைக் காவல் காப்பதுதான் சென்சாரின் வேலை. டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டே ஓடுகிறது. ஐட்லிங்கில் வெளியே வரும் புகையில்கூட 15, 16 சதவீதம் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். முழு லோடில் ஏற்றம் ஏறும்போதுதான் அது ஆறு ஏழுக்கு இறங்கும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஈசியூ இன்ஜெக்டர்கள் சொன்ன அளவு டீசலைத்தான் விடுகின்றனவா, ஈஜிஆர் வால்வு வழியாகப் புகையை இன்ஜினுக்குள் எவ்வளவு திருப்பி அனுப்பலாம் என்று கணக்குப் போடுகிறது. எண் நம்பும்படி இல்லையென்றால், எங்கள் வண்டியில், ஈஜிஆரை மூடிவிடுகிறது, பவரைக் குறைத்துவிடுகிறது, டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலையையும் தள்ளிப்போடுகிறது. பிக்கப் போனதும் டிபிஎஃப் லைட் வந்ததும் இதனால்தான்.

சென்சாரின் உள்ளே இருக்கும் பீங்கான் சூடாக இருந்தால்தான் அளக்கும். ஆக்சிஜனை எண்ணாகவே அளந்து சொல்லும் இந்த அகலப்பட்டை (வைட்பேண்ட்) வகைச் சென்சாருக்கு 780 டிகிரி வரை சூடு வேண்டும். டீசல் புகைக்கு அவ்வளவு சூடு கிடையாது, அதனால் உள்ளேயே ஒரு ஹீட்டர். சென்சாரிலிருந்து ஐந்து வயர் வரும், கப்ளரில் ஆறு பின் இருக்கும். ஆறாவது, கப்ளருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டருக்கு. ஒவ்வொரு சென்சாரையும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து அதற்கேற்ற ரெசிஸ்டரை வைத்து அனுப்புகிறார்கள். டூப்ளிகேட்டில் அப்படி அளந்து வைத்தார்களா, கைக்குக் கிடைத்ததை வைத்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

ஹீட்டருக்கு உரியவை சாம்பல் வயரும் வெள்ளை வயரும். சாம்பலில் 12 வோல்ட் வரும், வெள்ளையை ஈசியூ விட்டு விட்டு எர்த் செய்யும். இந்த நிறங்கள் சென்சார் பக்கம் மட்டும்தான். கப்ளரைத் தாண்டி வண்டிப் பக்கம் போனால் வேறு நிறம், அங்கே பின் நம்பரைத்தான் நம்ப வேண்டும்.

கழற்றிய பழைய சென்சாரைக் கடைக்காரர் ஒரு பாலிதீன் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். அந்த ஒரு விஷயத்துக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதன் ஹீட்டரை மீட்டரில் அளந்தேன், 3.3 ஓம். புதியது என்றால் அறை வெப்பத்தில் 3.2 இருக்க வேண்டும். அப்படியானால் இந்த ஹீட்டருக்கு ஒன்றுமே இல்லை. வண்டியில் இருந்த டூப்ளிகேட்டின் ஹீட்டரும் 3.6 காட்டியது. இரண்டுமே நல்ல ஹீட்டர். இரண்டுக்கும் ஒரே கோட்.

அடுத்து சப்ளை. கப்ளரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, வண்டிப் பக்கத்துப் பின்னில் மீட்டர் வைத்தேன். 12.3 வோல்ட். ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, ரிலே நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதி மூன்று டிக் போட்டேன். மிச்சமிருப்பது ஈசியூ. கப்ளரை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வெள்ளை வயரில் ஈசியூ எர்த் கொடுக்கிறதா என்று பின்னால் ஊசி குத்திப் பார்த்தேன். கொடுக்கவில்லை. இரண்டு நிமிஷம் காத்திருந்தேன், கொடுக்கவே இல்லை. முடிந்தது கதை, ஈசியூவுக்குள் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது என்று முடிவு கட்டி, ஈசியூ ரிப்பேர் செய்யும் ஆட்களை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டில் தேடலாம் என்று மச்சினனிடம் சொல்லிவிட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பாயிடம் இதைச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைக்காமலே கேட்டார். "அண்ணா, இன்ஜின் ஜில்லுனு இருந்துச்சா?"

ஆமாம், வண்டி மத்தியானத்திலிருந்து நின்றுகொண்டிருந்தது.

"காலையில சைலன்சர்லேர்ந்து தண்ணி சொட்டுறதைப் பார்த்திருக்கீங்கல்ல? சூடான பீங்கான் மேல அந்தத் தண்ணி பட்டா விரிசல் விட்டுடும். அதனால பைப் சூடாகி தண்ணி காயற வரைக்கும் ஈசியூ ஹீட்டரைத் தொடாது. பத்து நிமிஷம் ஓட்டிட்டு வந்து பாருங்க."

கப்பன் பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தால், வெள்ளை வயரில் ஈசியூ எர்த்தைத் தட்டித் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கனகச்சிதமாக. நேற்று ராத்திரி அதை ஆபரேஷன் டேபிளில் ஏற்றப் பார்த்தேன்.

இப்போது சிக்கல் பெரிதானது. ஹீட்டர் சரி, சப்ளை சரி, எர்த் சரி. ஆனால் சூடு ஏறவில்லை. பாய் தன் மேசை டிராயரிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்தார். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு, இரண்டு வயர், முனையில் இரண்டு முதலைக் கிளிப். "உங்க மீட்டர் படிச்ச ஆளு, என் பல்பு கூலிக்காரன்" என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. யுபிஎஸ் பேட்டரியை லோடு போடாமல் அளந்துவிட்டு நல்லது என்று சொல்லும் பையன்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்! அதையேதான் நானும் செய்திருக்கிறேன். காவிரித் தண்ணீர் வராத நாளில் குழாயை மூடி வைத்துக்கொண்டு பிரஷர் இருக்கிறது என்று சொல்வது போல.

சென்சார் கப்ளரைக் கழற்றி, சாம்பல் வயருக்கான பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவில் பல்பை மாட்டினோம். நேராக பேட்டரியில் வைத்தால் கண் கூசும் பல்பு, இங்கே அணையப் போகும் ஊதுபத்தி மாதிரி சிவப்பாக முனகியது. அதே பின்னில் மீட்டர் வைத்தேன். 3.8 வோல்ட். பல்பைக் கழற்றினால் 12.3. மாட்டினால் 3.8. நான்கு முறை கழற்றி மாட்டிப் பார்த்தேன், நம்பிக்கை வராமல்.

கணக்கு இது. பல்பு எரியும்போது ஓடிய கரண்ட் 0.9 ஆம்பியர். வழியில் காணாமல் போனது 8.5 வோல்ட். வகுத்தால் ஏறக்குறைய ஒன்பதரை ஓம், எங்கோ வயரில் உட்கார்ந்திருக்கிறது. என் டிஜிட்டல் மீட்டரின் உள் எதிர்ப்பு ஒரு கோடி ஓம். ஒரு கோடிக்கு முன்னால் ஒன்பதரை ஒரு பொருட்டா? மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஹீட்டரே 3.3 ஓம்தான். தன்னைவிட மூன்று மடங்கு எதிர்ப்பு வாசலில் நின்றால் அதற்கு வந்து சேருவது மிச்சம் மீதிதான். அதில் பீங்கான் கதகதப்பாகும், 780 டிகிரி கனவிலும் வராது. ஈசியூ பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோட் போட்டுவிடும்.

சென்சாரை மாற்றியபின் இரண்டு நாள் லைட் எரியாமல் இருந்ததன் ரகசியமும் அப்போது புரிந்தது. கடைக்காரர் அந்தக் கோட் எண்ணை அழித்துத்தான் வண்டியைக் கொடுத்திருப்பார். இந்த மாதிரிக் கோளாறு அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் திரும்பத் தெரிந்தால்தான் லைட் எரியும். அந்த இடைவெளியில் வண்டி 'சரியாகிவிட்டது'.

பல்பை எரியவிட்டபடியே மீட்டரை ஃப்யூஸ் பெட்டியிலிருந்து பின்னோக்கி நகர்த்தினேன். ஃப்யூஸில் 12.2. இன்ஜினுக்குப் பக்கத்தில் 12.1. வயர் அங்கிருந்து ஃப்ளோருக்கு அடியில் இறங்குகிறது, அங்கே எட்டு பின் கப்ளர் ஒன்று கிளிப்பில் தொங்குகிறது. அதன் முன்பக்கம் 12.1. பின்பக்கம் 3.8.

பாய் ஸ்க்ரூ டிரைவரால் பூட்டை நெம்பி அதைத் திறந்தார். எட்டுப் பின்னில் ஆறு பளபளவென்று இருந்தன. இரண்டு மட்டும் பச்சை. அதில் ஒன்று எங்கள் ஆள். பாசி படர்ந்தது போல் பச்சைத் தூள், அதற்கு அடியில் பின் பென்சில் முனை அளவுக்கு மெலிந்து, ஊசியால் தொட்டதும் உதிர்ந்தது. கப்ளரின் உட்புறச் சுவரில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு. ஆயில் என்று நினைத்து விரலில் தேய்த்து முகர்ந்தேன்.

பெருங்காயம்.

"டேய் மாப்ள, வண்டியில எதுடா கொட்டுச்சு?"

மச்சினன் யோசிக்கவே இல்லை. "ரசம் மாமா. போன ஆவணியில. சடன் பிரேக்ல அண்டா மூடி தெறிச்சு பாதி ரசம் போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க கன்னடக்காரங்க, ரசத்தை சாருன்னுவாங்க, சாரு எங்கே சாரு எங்கேன்னு ஒரே ரகளை."

ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பார்த்தோம். நடு இருக்கைகளைக் கழற்றி அண்டா வைக்க இடம் செய்தபோது, போல்ட் ஓட்டை ஒன்றை ரப்பர் அடைப்பான் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஓட்டைக்கு நேர் கீழே ஒரு சாண் தள்ளி அந்தக் கப்ளர். ஆவணியில் கொட்டிய ரசம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வண்டி கழுவிய ஒவ்வொரு முறையும் தண்ணீர் அதே வழியில் இறங்கியிருக்கிறது.

ஏன் எட்டில் இரண்டு மட்டும்? அந்த இரண்டு பின்னில்தான் சாவி போட்டதிலிருந்து நிற்காமல் 12 வோல்ட் நிற்கிறது. புளியும் உப்பும் கலந்த ஈரம் நடுவில் இருந்தால், பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து போய்க்கொண்டே இருக்கும். முலாம் பூசும் தொட்டியில் நடப்பதுதான், இங்கே தலைகீழ் நோக்கத்தில். சிக்னல் வயர்களில் வோல்டேஜ் அற்பம், அவை தப்பித்துவிட்டன. பச்சையான இன்னொரு பின்னும் வேறொரு சப்ளைதான், அது இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அதையும் சேர்த்து மாற்றினோம்.

இந்தக் கப்ளர் தனியாகக் கிடைக்காது. மொத்த வயர்க்கட்டான ஹார்னஸோடு வாங்கச் சொல்வார்கள். பாய் பையனை அனுப்பி, பழைய சாமான் விற்கும் குஜரிக் கடையில் அடிபட்ட வண்டி ஒன்றிலிருந்து வெட்டிய கப்ளரை ஒரு சாண் வயரோடு 150 ரூபாய்க்கு வரவழைத்தார். எட்டு வயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் ஏணிப்படி மாதிரி முன்பின்னாக வெட்டினேன், ஒட்டுப் போட்ட இடங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து குண்டாகக் கூடாது என்று. செம்பு ஸ்லீவ் போட்டு அழுத்தி, மேலே உள்பக்கம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். இதெல்லாம் வண்டிப் பக்கத்து வயர் என்பதால் தைரியமாகச் செய்தேன். சென்சாரிலிருந்து வரும் வயரில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. சில வகைச் சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை அந்த வயரின் இழைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றன. அங்கே ஈயம் ஓடினால் மூச்சு அடைத்துவிடும். பக்கத்தில் சிலிக்கோன் பசை, கான்டாக்ட் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.

பல்பை மறுபடி மாட்டினோம். கண் கூசியது. 11.9 வோல்ட்.

கோட் எண்ணை அழித்து ஓட்டிப் பார்த்தோம், பி0135 வரவில்லை. இதோடு முடித்திருக்கலாம். ஆனால் வண்டியில் இருப்பது டூப்ளிகேட், அது சொல்லும் எண் உண்மையா என்று பார்க்காமல் விட மனம் வரவில்லை. பார்ப்பதற்கு டீசலில் ஒரு அழகான வழி இருக்கிறது. ஓடும் வண்டியில் கியரை விடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜெக்டர்கள் டீசலை அடியோடு நிறுத்திவிடும். உள்ளே போன காற்றே வெளியே வரும். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். சென்சாரும் அதற்குப் பக்கத்தில் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். கடவுளே அனுப்பி வைத்த அளவுகோல், காசு கிடையாது. "பெங்களூர் உசரத்துல ஆக்சிஜன் கம்மியாச்சே" என்றான் மச்சினன். 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம்தான் குறைவு, சதவீதம் அதேதான். அழுத்தத்தின் கணக்கை ஈசியூ தானே கழித்துக்கொள்ளும்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஓசூர் ரோட்டின் மேல்நிலைப் பாலம். மச்சினன் ஓட்ட, பாயின் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு நான். எழுபதில் போய்க் காலை எடுக்கச் சொன்னேன். எண் 17ஐத் தாண்டி, தயங்கி, 18.1இல் நின்றது. மறுபடி. 17.9. எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கும் சரிவில் பத்து விநாடி உருள விட்டும் 18.2க்கு மேல் ஏறவில்லை. இல்லாத டீசல் எரிவதாகச் சொல்கிறது டூப்ளிகேட். இதை நம்பி ஈசியூ போடும் கணக்கெல்லாம் கோணல்தான்.

திரும்பி வந்து, சூடு ஆறுவதற்கு முன்பே டூப்ளிகேட்டைக் கழற்றிப் பழைய ஒரிஜினலை மாட்டினோம். 22 மில்லிமீட்டர், பக்கத்தில் வயர் நுழைய வெட்டு வைத்த சாக்கெட். மரையில் கொஞ்சம் கிரீஸ், அதற்கென்றே வருகிற வகை, முனையில் படாமல். டார்க் ரென்ச்சில் 50 நியூட்டன் மீட்டர். பழைய சென்சாரின் மூக்கு முழுக்கக் கரி. மாதக்கணக்கில் சூடில்லாமல் புகையில் நின்றிருக்கிறது, பின்னே எப்படி இருக்கும்? துடைக்கலாமா என்று கை போனது. பாய் தட்டிவிட்டார். "சூடு ஏறினா தானா எரிஞ்சுடும், பிரஷ் வெச்சீங்கன்னா போச்சு." ஸ்கேனரில் டூப்ளிகேட்டுக்காக ஈசியூ கற்று வைத்திருந்த திருத்தங்களையும் அழித்தார். இதைச் செய்யாவிட்டால் டூப்ளிகேட்டின் கோணலுக்குப் போட்ட திருத்தத்தை நல்ல சென்சாரின் மேல் போட்டுவிடும்.

முதல் ஓட்டத்தில் 19.6, அதுவும் சோம்பலாக. எனக்கு வயிறு கலங்கியது. ஓசூர் வரை போய்வந்தோம். போகும்போதே 20.2. அத்திப்பள்ளி தாண்டித் திரும்பும்போது 20.6, காலை எடுத்ததும் சட்டென்று ஏறுகிறது, வைத்ததும் சட்டென்று இறங்குகிறது. ஏற்றத்தில் முழுசாக மிதித்தால் 6.4. வரும் வழியிலேயே ஐட்லிங் கொஞ்சம் உயர்ந்து, மைலேஜ் மீட்டர் அதலபாதாளத்துக்கு இறங்கியது. டிபிஎஃப் தன் கரியை எரிக்கத் தொடங்கிவிட்டது. பாய்க்குப் போன் செய்து சொன்னேன். "வண்டியை நிறுத்திடாதீங்க, முடியற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருங்க" என்றார். சில்க் போர்டு சிக்னலில் நின்றுவிடுவோமோ என்ற பயத்தில், நைஸ் ரோடு பக்கம் திரும்பி டோல் கட்டி ஓட்டினோம்.

4,500 ரூபாயைக் கேட்கப் போன மச்சினனிடம், கரண்ட் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாய் கூலி 800, கப்ளர் 150, ஸ்லீவும் ஷ்ரிங்க்கும் 90. ஓட்டைக்கு ரப்பர் அடைப்பான் 10 ரூபாய்.

நேற்று வண்டி 2,16,300. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். உருளவிட்டால் 20.7, கோட் எதுவும் இல்லை. ரசம் அண்டாவை இப்போது பின் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். கட்டுவது மச்சினன்தான், வேறு யாரையும் நம்புவதில்லை.